1765: முத்திரைத்தாள் வரியும் பிரிட்டனின் அமெரிக்கக் காலனிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விடுதலை என்றால் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதும், 1776 ஜூலை 4-ம் தேதியும்தான் நம் பாடப்புத்தகங்களில் பெரிய இடம் பிடிக்கும். அதற்கெல்லாம் முன்னால் வரும் 1765-க்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. அந்த ஒரு பத்திக்குள் அடங்காத ஆண்டு அது. அதுவரை ஒன்றையொன்று பெரிதாகக் கண்டுகொள்ளாத காலனிகள் சில மாதங்களுக்குள் ஒரே கோரிக்கையைப் பேசத் தொடங்கின. சட்டசபைக்குள் நடந்துகொண்டிருந்த அரசியல் தெருவுக்கும், அச்சகத்துக்கும், மதுவிடுதிக்கும், வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

எந்தக் காலனிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில், வடக்கே நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து தெற்கே ஜார்ஜியா வரை இருந்த 13 பிரிட்டிஷ் காலனிகளை. அவற்றில் அப்போது ஏறத்தாழ 18 லட்சம் பேர் இருந்தார்கள். ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்க வம்சாவளி அடிமை.

ஒவ்வொரு காலனிக்கும் தனிச் சட்டசபை, தனி ஆளுநர், தனி நாணயக் கணக்கு. வர்ஜீனியாக்காரருக்கு லண்டனோடு இருந்த தொடர்பு பாஸ்டனோடு கிடையாது. எல்லைத் தகராறுகள் வேறு. இவர்கள் ஒன்றுசேர்வார்கள் என்று லண்டனில் யாரும் நினைக்கவில்லை, அவர்களே நினைக்கவில்லை.

பிரிட்டன் ஏன் அப்போது போய் வரி போட்டது?

கடன்தான் காரணம். 1756 முதல் 1763 வரை பிரான்சுக்கு எதிராக நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் வென்றது. அந்தப் போரின் ஒரு களம் நம் ஊரிலும் இருந்தது. 1760-ல் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்ததும், 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததும் இதே போரில்தான். வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கிய அதே ஆண்டில் கனடாவின் மான்ட்ரியலும் பிரிட்டன் கைக்கு வந்தது.

போர் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. வட்டி மட்டும் வருடத்துக்கு 40 லட்சம் பவுண்டுக்கு மேல். அப்புறம், புதிதாகப் பிடித்த பரந்த நிலத்தைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். 1763-ல் பான்டியாக் என்ற ஒட்டாவா இனத் தலைவரோடு பெயர் இணைந்த பழங்குடியினர் போர் மூண்டது, அந்த முடிவுக்கு இன்னும் வலு சேர்த்தது.

இந்தப் படைச் செலவில் ஒரு பகுதியையாவது காலனிகள் தரட்டும் என்பது பிரதமர் ஜார்ஜ் கிரென்வில்லின் கணக்கு. இங்கிலாந்தில் முத்திரைத்தாள் வரி 1694 முதலே நடைமுறையில் இருந்தது. அங்கே செல்லுபடியான வரி அமெரிக்காவில் மட்டும் செல்லாதா என்று அவர் நினைத்ததில் நியாயம் தெரிகிறது. ஆனால் 1764-லேயே சர்க்கரைச் சட்டமும் நாணயச் சட்டமும் காலனி வணிகர்களை நெருக்கிக்கொண்டிருந்தன. போருக்குப் பிந்தைய மந்தநிலையில் கடைகள் திவாலாகிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து இந்த வரி வந்தது.

சட்டம் உண்மையில் என்ன சொன்னது?

1765 மார்ச் 22-ல் ஒப்புதல் பெற்ற இந்தச் சட்டம் நவம்பர் 1 முதல் அமலாக வேண்டும். நிலப் பத்திரம், உயில், வழக்கு மனு, கப்பல் சரக்குச் சீட்டு, உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம் எல்லாமே அரசு முத்திரை பதித்த தாளில் இருந்தால்தான் செல்லும். பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தாள் வாங்கிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அவர்களுக்குப் புதிது.

கட்டணங்களைப் பார்த்தால் யார் யார் மேல் சுமை விழுந்தது என்பது புரியும் (அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). செய்தித்தாளின் அரைத் தாளுக்கு அரை பென்னி, முழுத் தாளுக்கு 1 பென்னி. அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். ஒரு சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடி பகடைக்கு 10 ஷில்லிங். கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு. வழக்கறிஞர் தொழில் செய்ய உரிமம் பெற 10 பவுண்டு. ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதப்பட்டால் இரண்டு மடங்கு. பென்சில்வேனியாவில் ஜெர்மன் பேசிய பெரும் கூட்டத்தை இந்த விதி நேராகக் குத்தியது.

இரண்டு விஷயங்கள் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. வரியைப் பிரிட்டிஷ் நாணய மதிப்பில் கட்ட வேண்டும், காலனிகளிலோ வெள்ளிக் காசுக்குப் பெரும் தட்டுப்பாடு. சட்டத்தை மீறியவரை, ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்க இடம் இருந்தது.

தொகை சின்னதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஆமாம், ஒரு வருடத்துக்குச் சுமார் 60,000 பவுண்டு கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங் கூட வராது. இங்கிலாந்தில் வாழ்ந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு வரி கட்டினார்கள்.

கேள்வி தொகையைப் பற்றி எழவில்லை. துறைமுகத்தில் சுங்கம் விதிப்பது வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு, அது பாராளுமன்றத்தின் உரிமை என்பதைக் காலனிகள் பெரும்பாலும் ஏற்றிருந்தன. உள்ளூர் மக்களின் பையில் நேராகக் கைவிடும் வரி அப்படிப்பட்டதல்ல. அதை அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டசபைதான் போட முடியும் என்பது அவர்கள் வாதம். லண்டன் பாராளுமன்றத்தில் காலனிகளுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை.

லண்டன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை, ஆனாலும் பாராளுமன்றம் எல்லோருடைய நலனையும் பார்க்கிறதே என்றார்கள். மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி அதே ஆண்டு வெளியிட்ட சிறுநூலில் இந்த வாதத்தைப் பிரித்துப் போட்டார். வாக்கில்லாத மான்செஸ்டர்காரர் மேல் விழும் வரி, அதற்கு வாக்களித்த உறுப்பினர் மேலும் சேர்ந்தே விழுகிறது. அமெரிக்கர் மேல் போடும் வரியோ அந்த உறுப்பினரின் சுமையைக் குறைக்கிறது. இருவர் நலனும் எப்படி ஒன்றாகும்? அந்த ஆண்டில் எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகக் கூர்மையாகப் படுவது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. யாரைச் சீண்டினால் ஊரே பேசுமோ, அவர்களை எல்லாம் இந்தச் சட்டம் ஒரே நேரத்தில் சீண்டியது. வழக்கறிஞர், அச்சகத்தார், பத்திரிகையாளர், வணிகர், மதுவிடுதி நடத்துபவர். எழுதவும் பேசவும் கூட்டம் கூட்டவும் தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

முதல் குரல் எங்கிருந்து வந்தது?

வர்ஜீனியாவிலிருந்து. மே மாதக் கடைசி, சட்டசபைக் கூட்டத்தொடர் முடியும் நேரம், 116 உறுப்பினர்களில் 39 பேர்தான் மிச்சம். சபைக்குள் நுழைந்து சில நாட்களே ஆன பேட்ரிக் ஹென்றி மே 29-ல் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். அன்று அவருக்கு 29 வயது நிறைந்தது. வில்லியம்ஸ்பர்க்கில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஜெபர்சன் வாசலில் நின்று அந்த விவாதத்தைக் கேட்டார்.

மறுநாள் ஐந்து தீர்மானங்கள் நிறைவேறின. அதற்கடுத்த நாள், ஹென்றி ஊருக்குக் கிளம்பிய பிறகு, மூத்தவர்கள் கூடி ஐந்தாவதை நீக்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அவற்றை வெளியிடவே இல்லை. ஆனால் மற்ற காலனிகளின் பத்திரிகைகள், நீக்கப்பட்டதும் நிறைவேறாததும் உட்பட, காரமான வாசகங்களைச் சேர்த்தே அச்சிட்டன. வர்ஜீனியா சட்டசபையே இப்படிச் சொல்லிவிட்டது என்று படித்தவர்கள் நம்பினார்கள். பாதி நடந்த ஒரு செய்தி கண்டம் முழுவதையும் உசுப்பியது.

பாஸ்டனில் ஆகஸ்ட் 14 அன்று என்ன நடந்தது?

காலையில் ஊரின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய எல்ம் மரத்தில் ஒரு கொடும்பாவி தொங்கியது. மாசசூசெட்ஸுக்கு முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்டிருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் உருவம் அது. பக்கத்தில் ஒரு பெரிய பூட்ஸ், அதிலிருந்து சாத்தான் எட்டிப் பார்த்தான். மன்னரின் பழைய ஆசான் பியூட் பிரபுவின் பெயரைப் 'பூட்' என்று குத்தும் கேலி. வழியாகப் போன விவசாயிகளை நிறுத்தி, அவர்கள் சரக்குக்கு முத்திரை குத்துவதுபோல நடித்துக் காட்டினார்கள். கொடும்பாவியை இறக்கப் போன ஷெரிப், உயிருக்கு ஆபத்து என்று திரும்பிவிட்டார்.

மாலையில் கூட்டம் அதைப் பாடையில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனது. ஆளுநரும் ஆலோசகர்களும் கூடியிருந்த கட்டிடத்தைத் தாண்டித்தான் ஊர்வலம் போனது. ஆலிவர் புதிதாகக் கட்டிய ஒரு கட்டிடம்தான் முத்திரைத்தாள் அலுவலகமாகப் போகிறது என்று பேச்சு. அதை இடித்துத் தள்ளினார்கள். பிறகு கொடும்பாவியை எரித்தார்கள், அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். மறுநாளே ஆலிவர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதற்குப் பின்னால் திட்டமிட்டவர்கள் 'விசுவாசமுள்ள ஒன்பது பேர்' என்ற சிறு குழு. சாராயம் வடிப்பவர்களும் கைவினைத் தொழில் செய்தவர்களும் 'பாஸ்டன் கெசட்' அச்சிட்ட பெஞ்சமின் ஈட்சும் அதில் இருந்தார்கள். தெருவில் முன்னின்றவர் எபனேசர் மெக்கின்டாஷ் என்ற செருப்புத் தொழிலாளி. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 5-ல் வடக்கு பாஸ்டனும் தெற்கு பாஸ்டனும் போப் உருவத்தை இழுத்துக்கொண்டு வந்து தெருவில் அடித்துக்கொள்வது வழக்கம். 1764-ல் அந்தக் கலவரத்தில் ஒரு சிறுவன் இறந்தான். தெற்குப் பக்கக் கும்பலின் தலைவர்தான் மெக்கின்டாஷ். 1765 நவம்பர் 5-ல் இரண்டு பக்கமும் சேர்ந்து அமைதியாக ஊர்வலம் போனதைப் பார்த்து ஊரே வியந்தது.

எல்ம் மரத்துக்குச் சுதந்திர மரம் என்ற பெயர் அந்தச் சில வாரங்களில் ஒட்டிக்கொண்டது. அதே ஆகஸ்டில், இரண்டு நாள் முன்பு, 12-ம் தேதி, முகலாயப் பேரரசர் ஷா ஆலம் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு பேரரசின் இரண்டு கோடிகளில், ஒரே வாரத்தில், வரி என்ற விஷயம் இரண்டு எதிர்த் திசைகளில் போனது என்பதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஹட்சின்சன் வீட்டை இடித்தது நியாயமா?

நியாயம் இல்லை. ஆகஸ்ட் 26 இரவு, துணை ஆளுநரும் தலைமை நீதிபதியுமான தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைக் கூட்டம் சூறையாடியது. குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தவர் தப்பி ஓடினார். சுவர்ப் பலகை, கூரை ஓடு வரை பிய்த்தெடுத்தார்கள். 900 பவுண்டு ரொக்கம் போயிற்று. மொத்த இழப்பு 2,200 பவுண்டுக்கு மேல் என்று அவர் கணக்குக் கொடுத்தார்.

இத்தனைக்கும் ஹட்சின்சன் இந்த வரி தவறு என்று தனிப்பட்ட முறையில் லண்டனுக்கு எழுதியவர். சட்டம் சட்டம்தான், நிறைவேற்ற வேண்டும் என்ற பிடிவாதமும், உறவினர்களுக்கெல்லாம் பதவி வாங்கிக் கொடுத்த பழக்கமும் அவரை ஊருக்குப் பகையாக்கியிருந்தன. ஆலிவர் அவருடைய உறவுக்காரர்.

அவர் பல ஆண்டுகளாகத் திரட்டிய மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியைத் தெருச் சேற்றில் எறிந்தார்கள். ஆண்ட்ரூ எலியட் என்ற பாதிரியார் அந்தத் தாள்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார். 1767-ல் அது நூலின் இரண்டாம் பாகமாக வெளிவந்தது. சுதந்திரத்தின் பெயரால் ஓர் ஊரின் வரலாற்றைச் சேற்றில் எறிந்த இரவை, அந்த இயக்கத்தை நேசிப்பவர்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுநாள் பாஸ்டன் நகரக் கூட்டமும் இந்தச் செயலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆனால் கைதான மெக்கின்டாஷை யாராலும் உள்ளே வைக்க முடியவில்லை, உடனே விடுவித்துவிட்டார்கள்.

மற்ற காலனிகளில் முத்திரை அதிகாரிகள் என்ன ஆனார்கள்?

ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா. விற்பதற்கு ஆள் இல்லாவிட்டால் சட்டம் தானே செத்துப்போகும் என்பது பாஸ்டன் காட்டிய வழி, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் ஆகஸ்ட் கடைசியில் வீடுகள் நொறுங்கின. அகஸ்டஸ் ஜான்ஸ்டன் பதவி விலகினார். மேரிலாந்தின் சகரையா ஹூட் நியூயார்க்குக்கு ஓடினார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மெர்சர் அக்டோபர் 30-ல் கப்பலிலிருந்து வந்து இறங்கினார், 31-ல் விலகினார்.

கனெக்டிகட்டின் ஜேரட் இங்கர்சால் கதை தனி. ஹார்ட்போர்டை நோக்கிப் போனவரை வழியில் சுமார் 500 குதிரைவீரர்கள் வளைத்துக்கொண்டார்கள். வெதர்ஸ்பீல்டில் பல மணி நேரம் வாதாடிவிட்டு, கடைசியில் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டார். 'சுதந்திரமும் சொத்தும்' என்று மூன்று முறை கத்தவும் வைத்தார்கள். வெள்ளைக் குதிரையில் அவர்கள் நடுவே போகும்போது, வெளிறிய குதிரை மேல் மரணம் வருகிறது, நரகம் பின்தொடர்கிறது என்ற பைபிள் வசனத்தின் பொருள் இப்போதுதான் புரிகிறது என்றாராம்.

நவம்பர் 1 வந்தபோது, 13 காலனிகளில் ஜார்ஜியாவில் மட்டும்தான் கொஞ்சம் முத்திரைத்தாள் விற்றது. அதுவும் கொஞ்ச நாள்தான்.

முத்திரைச் சட்ட மாநாடு எதற்காக?

மாசசூசெட்ஸ் சட்டசபை ஜூன் மாதம் மற்ற காலனிகளுக்குக் கடிதம் அனுப்பி அழைத்தது. அக்டோபர் 7 முதல் 25 வரை நியூயார்க் நகர மண்டபத்தில் 9 காலனிகளிலிருந்து 27 பேர் கூடினார்கள். வர்ஜீனியா, வட கரோலினா, ஜார்ஜியா வர முடியவில்லை, அங்கே ஆளுநர்கள் சட்டசபையைக் கூட்டவிடவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் ஆள் அனுப்பவில்லை.

லண்டன் உத்தரவு இல்லாமல் காலனிகள் தாமாகவே கூடிய முதல் பெரிய கூட்டம் இது. மன்னருக்கும் பாராளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் மனுக்கள் எழுதினார்கள். உரிமைகளையும் குறைகளையும் 14 தீர்மானங்களாக அடுக்கினார்கள். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் வரைவில் முக்கியப் பங்கு வகித்தார். மொழி பணிவானது, மன்னருக்கு விசுவாசம் முதல் வரியிலேயே வரும். ஆனால் வரி போடும் உரிமை எங்கள் சட்டசபைக்கே என்பதில் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை.

தலைவராக இருந்த டிமோதி ரகிள்ஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நியூ ஜெர்சியின் ராபர்ட் ஆக்டனும் மறுத்தார், ஊர் திரும்பியபோது அவருடைய கொடும்பாவி எரிந்தது. தென் கரோலினாவின் கிறிஸ்டோபர் காட்ஸ்டன் இனி நியூ இங்கிலாந்துக்காரர், நியூயார்க்காரர் என்ற பேச்சே வேண்டாம், எல்லோரும் அமெரிக்கர் என்ற கருத்தில் எழுதியது இதே காலத்தில்தான். அவ்வளவு தூரம் அப்போது யோசித்தவர்கள் மிகச் சிலர்.

நவம்பர் 1 எப்படிக் கழிந்தது?

பல ஊர்களில் துக்க நாள். மணிகளின் நாவில் துணி சுற்றி அடித்தார்கள், கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள்.

நியூயார்க்கில் மட்டும் போர்க்களம். 77 வயதான தற்காலிக ஆளுநர் கேட்வாலடர் கோல்டன் முத்திரைத்தாளோடு கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தார். இரவில் கூட்டம் அவருடைய கோச்சு வண்டியை இழுத்துப் போய் எரித்தது. முத்திரைத்தாளை வாள் முனையால் தொண்டையில் திணிப்பேன் என்று பேசியதாகச் சொல்லப்பட்ட மேஜர் தாமஸ் ஜேம்ஸின் வீடும் நாசமானது. கோட்டைப் பீரங்கிகள் வெடித்திருந்தால் விடுதலைப் போர் தொடங்க 1775 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. கோல்டன் சுட உத்தரவிடவில்லை. நவம்பர் 5-ல் தாள்களை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள்.

முத்திரைத்தாள் இல்லாமல் நீதிமன்றமும் துறைமுகமும் எப்படி ஓடின?

முதலில் ஓடவில்லை. பெரும்பாலான நீதிமன்றங்கள் மூடிக்கிடந்தன. கடன் கொடுத்தவர் வழக்குப் போட முடியவில்லை, இதில் லண்டன் வணிகர்களுக்குத்தான் பெரிய அடி. கப்பல்கள் கரையில் நின்றன. வேலையில்லாத மாலுமிகள் தெருவில் நின்றால் என்ன ஆகும் என்று சுங்க அதிகாரிகளுக்குத் தெரியும். டிசம்பருக்குள் பல துறைமுகங்கள், தாள் கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துக் கப்பலை அனுப்பத் தொடங்கிவிட்டன. ரோட் ஐலண்டில் நீதிமன்றம் மூடவே இல்லை. அதன் ஆளுநர் சாமுவேல் வார்டு, சட்டத்தை அமல்படுத்துவதாக உறுதிமொழி எடுக்க மறுத்த ஒரே ஆளுநர். மேரிலாந்தின் பிரடெரிக் மாவட்ட நீதிமன்றம் நவம்பர் 23-ல் முத்திரை இல்லாமலே வேலை நடக்கும் என்று அறிவித்தது.

பத்திரிகைகளின் துணிச்சல் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 'பென்சில்வேனியா ஜர்னல்' அக்டோபர் 31 இதழைக் கல்லறைக் கல் வடிவில், கறுப்புப் பட்டையும் மண்டையோடும் போட்டு அச்சிட்டது. சில பத்திரிகைகள் கொஞ்ச நாள் நின்றன. பல, அச்சிட்டவர் பெயரை எடுத்துவிட்டு வந்தன. வாராவாரம் வேறு காலனியின் செய்தியை எடுத்து மறுபதிப்புச் செய்த இந்தத் தாள்கள் இல்லாமல், நியூபோர்ட்டில் நடந்தது சார்ல்ஸ்டனுக்கு எட்டியிருக்காது. 1765-ஐ ஒரே இயக்கமாகக் கட்டியதில் அச்சகத்தாரின் பங்குதான் பெரிது என்பது என் கருத்து.

வீடுகளில் என்ன மாற்றம்?

நியூயார்க் வணிகர்கள் 200-க்கும் மேற்பட்டோர் அக்டோபர் 31-ல், சட்டம் ரத்தாகும்வரை பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்தார்கள். நவம்பரில் பிலடெல்பியா, டிசம்பரில் பாஸ்டன். இறக்குமதித் துணி இல்லையென்றால் வீட்டில் நூற்க வேண்டும், அந்த வேலை பெண்கள் தலையில். கம்பளிக்காக ஆடு பெருகட்டும் என்று ஆட்டுக்குட்டி இறைச்சி சாப்பிடுவதில்லை என்று ஊர்கள் முடிவெடுத்தன. இங்கிலாந்துக் கறுப்புத் துணியும் கையுறையும் வாங்கிச் செய்யும் ஆடம்பரச் சாவுச் சடங்கு பாஸ்டனில் குறைந்தது. சட்டசபையில் வாக்கு இல்லாத பெண்கள், எதை வாங்குவது எதை விடுவது என்பதன் மூலம் இந்தப் போராட்டத்துக்குள் வந்தார்கள்.

சுதந்திரம் என்று கத்தியவர்கள் அடிமைகளைப் பற்றி என்ன சொன்னார்கள்?

பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை. வரி கட்டினால் நாங்கள் அடிமைகள் என்று எழுதியவர்களில் பலர் மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள். மாசசூசெட்ஸின் ஜேம்ஸ் ஓடிஸ் விதிவிலக்கு. கறுப்பரோ வெள்ளையரோ எல்லோரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள் என்று 1764-ல் வெளியிட்ட சிறுநூலில் வெளிப்படையாக எழுதினார்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், வெள்ளையர் தெருவில் எழுப்பிய 'சுதந்திரம்' முழக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கறுப்பர்கள் 1766 ஜனவரியில் அதே சொல்லைக் கத்தினார்கள். நகரம் நடுங்கியது. பல நாட்கள் ஆயுதக் காவல் போட்டார்கள். அந்த ஆண்டின் முழக்கத்தை உள்ளபடியே பொருள் கொண்டவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கி ரோந்து. இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு 1765-ஐக் கொண்டாடுவது எனக்குச் சம்மதமில்லை.

கரீபியன் தீவுகளும் இதே வரியைக் கட்ட வேண்டியிருந்ததே?

ஆமாம். செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுகளில் பெரிய கலவரமே நடந்து முத்திரைத்தாள்கள் எரிந்தன. ஜமைக்காவும் பார்படோஸும் முணுமுணுத்துக்கொண்டே கட்டின. ஜமைக்காவில் 1760-ல் டாக்கியின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை வெள்ளைத் தோட்ட முதலாளிகள் மறக்கவில்லை. அவர்களைக் காக்கப் பிரிட்டிஷ் படை வேண்டும், அவர்கள் சர்க்கரை விற்கப் பிரிட்டிஷ் சந்தை வேண்டும். கனடாவில் ஹாலிபாக்ஸும் கியூபெக்கும் கட்டின.

பெஞ்சமின் பிராங்க்ளின் அப்போது எங்கே?

லண்டனில், பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக. சட்டத்தைத் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. வந்தது வந்துவிட்டது என்று நண்பர் ஜான் ஹியூஸை முத்திரை அதிகாரி பதவிக்குப் பரிந்துரைத்தார். ஊரின் கோபத்தை அவர் சரியாகக் கணிக்கவில்லை. செப்டம்பரில் பிலடெல்பியாவில் அவர் வீட்டைத் தாக்கக் கூட்டம் திரண்டது. மனைவி டெபோரா ஊரைவிட்டுப் போக மறுத்து, உறவினர்களோடு துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டைக் காத்தார். 1766 பிப்ரவரியில் பாராளுமன்றத்தின் முன் நின்று பிராங்க்ளின் சொன்ன பதில்கள்தான் ஊரில் அவர் பெயரை மீட்டன.

அந்த ஆண்டு முத்திரை வரியைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லையா?

நடந்தது. மே மாதம் படைவீரர்களுக்குத் தங்குமிடமும் பொருட்களும் காலனிகளே தர வேண்டும் என்ற சட்டம் வந்தது, பின்னாளில் நியூயார்க்கோடு பெரிய மோதலுக்கு அது காரணமானது. பிலடெல்பியா கல்லூரியில் ஜான் மார்கன் காலனிகளின் முதல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மார்ச்சில் மேற்குப் பென்சில்வேனியாவில், பழங்குடியினருக்கு வணிகச் சரக்கு கொண்டுபோன குதிரைகளை முகத்தில் கரி பூசிய குடியேறிகள் மறித்து, அந்தச் சரக்கை எரித்தார்கள். வட கரோலினாவின் உள்நாட்டு விவசாயிகள் உள்ளூர் அதிகாரிகளின் அநியாயக் கட்டணங்களுக்கு எதிராக ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களுக்கு லண்டனைவிடப் பக்கத்து ஊர் எழுத்தர்தான் பெரிய தொல்லை.

எப்படி முடிந்தது?

லண்டனில் 1765 ஜூலையிலேயே, வேறு காரணங்களுக்காக, மன்னர் கிரென்வில்லை நீக்கிவிட்டு ராக்கிங்காமைப் பிரதமராக்கினார். காலனி வணிகர்களின் புறக்கணிப்பால் ஏற்றுமதி படுத்தது, பிரிட்டனின் வணிக நகரங்களிலிருந்து மனுக்கள் குவிந்தன. பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் பிட், அமெரிக்கா எதிர்த்ததில் மகிழ்கிறேன் என்றே பேசினார். 1766 மார்ச் 18-ல் சட்டம் ரத்தானது. ஆனால் அதே நாளில், எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் போடப் பாராளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டமும் நிறைவேறியது. ரத்தான மகிழ்ச்சியில் அதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. அடுத்த வரி 1767-லேயே வந்துவிட்டது.

இதில் வந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

ஆலிவரை 1765 டிசம்பர் 17-ல் சுதந்திர மரத்தடிக்கே வரவழைத்து, கொட்டும் மழையில் மறுபடி பகிரங்கமாக ராஜினாமா செய்ய வைத்தார்கள். பின்னர் துணை ஆளுநராகி 1774-ல் இறந்தார். ஹட்சின்சன் ஆளுநராகி, 1774-ல் இங்கிலாந்துக்குப் போய், ஊர் திரும்பாமலே 1780-ல் காலமானார். மெக்கின்டாஷ் நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிபெயர்ந்து 1816-ல் வறுமையில் இறந்தார், அவரைத் தெருவில் இறக்கிவிட்ட கனவான்களில் பலர் பெயரோடும் புகழோடும் வாழ்ந்தார்கள். சுதந்திர மரத்தை 1775-ல் மன்னர் ஆதரவாளர்கள் வெட்டினார்கள். மாநாடு கூடிய நியூயார்க் நகர மண்டபத்தில்தான் 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அந்தக் கட்டிடம் இன்று இல்லை, வால் ஸ்ட்ரீட்டில் அதே இடத்தில் நிற்கும் பெடரல் ஹாலுக்குள் போய்ப் பார்க்கலாம்.